வெஸ்டர்ன் பிளாட்

செல் சாற்றில் கலந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களில் ஒன்றை மட்டும் எதிர்ப்பொருளைக் கொண்டு அடையாளம் காணும் ஆய்வக முறை. தமிழில் 'புரத ஒற்றல்' எனலாம்.

மேற்குத் திசைக்கும் புரதத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 1975இல் டி.என்.ஏ. துண்டுகளை ஜெல்லிலிருந்து சவ்வுக்கு ஒற்றியெடுக்கும் முறையை வெளியிட்டவர் பிரிட்டனின் எட்வின் சதர்ன். 'தெற்கு' எனப் பொருள்படும் அவர் பெயரைத் திசையாக்கி விளையாடியதில், 1977இல் ஸ்டான்ஃபோர்டில் உருவான ஆர்.என்.ஏ. முறை 'நார்தர்ன்' ஆயிற்று. 1979இல் பாசல் நகரில் ஹாரி டவ்பின் குழுவும் ஸ்டான்ஃபோர்டில் ஜார்ஜ் ஸ்டார்க் குழுவும் புரதத்துக்கான முறைகளைத் தனித்தனியே வெளியிட்டன. மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களை நைட்ரோசெல்லுலோஸ் சவ்வுக்கு மாற்றிய பாசல் வழியே நிலைத்தது. ஆனால் பெயரிட்டவர் சியாட்டிலின் நீல் பர்னெட். அமெரிக்க மேற்குக் கரைக்காரர் என்பதால் 'வெஸ்டர்ன்'. அந்தப் பெயரைச் சூட்டிய அவர் கட்டுரையை இதழ் முதலில் திருப்பி அனுப்பியது. அதற்குள் நகல்கள் ஆய்வகம் ஆய்வகமாகப் பரவிவிட்டன. 1981இல்தான் அச்சேறியது.

செய்முறையில், முதலில் எஸ்.டி.எஸ். என்னும் சோப்பு போன்ற பொருள் புரதங்களின் மடிப்பைக் குலைத்து, எல்லாவற்றுக்கும் எதிர்மின்னூட்டம் தருகிறது. மின்புலத்தில் சிறியவை ஜெல்லில் விரைந்தோடும், பெரியவை பின்தங்கும். அந்த வரிசை குலையாமல் சவ்வுக்கு மாற்றியபின், எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாதிருக்கச் சவ்வின் வெற்றிடங்களை வேறொரு புரதத்தால் நிரப்ப வேண்டும். அதற்குக் கடையில் விற்கும் கொழுப்பு நீக்கிய பால் பவுடரே போதும் என்று 1984இல் தெரியவந்தது. இன்றும் பல ஆய்வகங்களில் அந்த டப்பா உண்டு. அடுத்து, தேடும் புரதத்தைப் பற்றும் முதல் எதிர்ப்பொருள். அதைப் பற்றும், நொதி பூட்டிய இரண்டாம் எதிர்ப்பொருள். நொதி ஒளியையோ நிறத்தையோ உண்டாக்க, புரதம் இருக்குமிடம் பட்டையாகத் தெரியும்.

இதையே திருப்பிப் போட்டதுதான் எச்.ஐ.வி. சோதனை: சவ்வில் வைரஸின் புரதங்கள், தேடப்படுவது நோயாளியின் எதிர்ப்பொருள். 1986இல் சென்னையில் சுனிதி சாலமன், நிர்மலா செல்லப்பன் ஆகியோரின் ஆய்வில் எடுத்த ரத்த மாதிரிகள் வேலூரில் எலைசா என்னும் முதற்கட்டச் சோதனையில் தொற்றைக் காட்டின. அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் அதை உறுதிசெய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. வெளிப்பட்டது அப்படித்தான். தொற்றை முன்னதாகவே காட்டும் சோதனைகள் வந்தபின், 2014இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. தன் பரிந்துரையிலிருந்து இதை விலக்கியது.

ஆராய்ச்சியில் மட்டும் இதன் இடம் குறையவில்லை. குறை எதிர்ப்பொருளில்தான்: வேறு புரதத்தைப் பற்றிக்கொண்டாலும் பட்டை அழகாகவே விழும். ஆய்வுக் கட்டுரையில் அத்தகைய பட்டையின் படத்தைப் பார்ப்பவர், தேடும் புரதமே இல்லாத செல்லில் பட்டை மறைந்ததா என்பதை முதலில் தேட வேண்டும்.