செயற்கைப் பெப்டைடுகளின் தூய்மைச் சோதனை

ஆய்வகப் பயன்பாட்டுக்காக வேதிமுறையில் உருவாக்கப்படும் பெப்டைடுகள் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். குப்பியில் இருப்பது கேட்ட பெப்டைடுதானா? அதனுடன் வேறு பெப்டைடுகள் எவ்வளவு கலந்துள்ளன? தூளின் எடையில் பெப்டைடின் பங்கு எவ்வளவு? முதலாவது அடையாளம், இரண்டாவது தூய்மை, மூன்றாவது உள்ளடக்கம். மூன்றுக்கும் தனித்தனிச் சோதனைகள் உண்டு. ஒன்றின் விடையை மற்றொன்றின் விடையாக எடுத்துக்கொள்வதுதான் இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகப் பிணைந்த சங்கிலி. இக்கட்டுரையில் பிராடிகினின் என்ற பெப்டைடு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்யும் இப்பொருளை 1949இல் பிரேசில் நாட்டு அறிவியலாளர்களான ரோச்சா இ சில்வா, பெரால்டோ, ரோசன்ஃபெல்ட் ஆகியோர் கண்டறிந்தனர். ஜராரகா பாம்பின் நஞ்சை இரத்தப் பிளாஸ்மாவுடன் சேர்த்தபோது இது வெளிப்பட்டது. இதில் ஒன்பது அமினோ அமிலங்கள் உள்ளன: அர்ஜினைன், புரோலின், புரோலின், கிளைசின், பினைல்அலனைன், செரின், புரோலின், பினைல்அலனைன், அர்ஜினைன்.

வரலாறு

இரண்டு கிளைசின்களை இணைத்த கிளைசில்கிளைசினை 1901இல் எமில் ஃபிஷரும் எர்னஸ்ட் ஃபூர்னோவும் வெளியிட்டனர். ஆக்சிடோசின் ஹார்மோனை 1953இல் செயற்கையாகத் தயாரித்த வின்சென்ட் டு விக்னியோவுக்கு 1955இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அக்காலத் தயாரிப்பு முழுவதும் கரைசலில் நடந்தது. ஒவ்வோர் அமினோ அமிலத்தைச் சேர்த்த பின்னும் இடைப்பொருளைப் பிரித்துத் தூய்மைப்படுத்திச் சோதிக்க முடிந்தது. மெதுவான வேலைதான், ஆனால் பிழை அந்தந்தப் படியிலேயே பிடிபட்டது.

அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பணியாற்றிய புரூஸ் மெரிஃபீல்ட் 1963இல் திண்மநிலைத் தொகுப்பு முறையை அறிவித்தார். சங்கிலியின் ஒரு முனையை ரெசின் மணியில் பொருத்தி, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மிஞ்சிய வேதிப்பொருள்களைக் கழுவி வெளியேற்றுவது இதன் அடிப்படை. மறு ஆண்டே அவர் இம்முறையில் பிராடிகினினைத் தயாரித்துக் காட்டினார். 1984இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. வாரக்கணக்கில் நீண்ட வேலை நாள்கணக்கில் முடியத் தொடங்கியது. ஆனால் இம்முறையில் இடைப்பொருள் எதுவும் தனியே பிரிக்கப்படுவதில்லை. எந்தப் படியில் பிழை நேர்ந்தாலும் அது ரெசினிலேயே ஒட்டிக்கொண்டு கடைசிவரை வரும். இறுதிப் பொருளைச் சோதிப்பது இன்று இவ்வளவு முக்கியமானதற்கு இதுவே காரணம்.

மாசுகள் தோன்றும் விதம்

ஒவ்வொரு பிணைப்பும் 99 விழுக்காடு முழுமையாக நடந்தால், எட்டுப் பிணைப்புகள் தேவைப்படும் பிராடிகினினில் ஏறத்தாழ 92 விழுக்காடு சங்கிலிகள் சரியாக அமையும். 30 அமினோ அமிலச் சங்கிலியில் இது 75 விழுக்காடாகவும், 50 அமினோ அமிலச் சங்கிலியில் 61 விழுக்காடாகவும் குறையும். மீதமுள்ளவை ஒன்றிரண்டு அமினோ அமிலங்கள் விடுபட்ட சங்கிலிகள். இவை விடுபட்ட வரிசைகள் எனப்படும். பல பண்புகளில் இவை சரியான பெப்டைடை ஒத்திருப்பதால் பிரித்தெடுப்பது கடினம்.

விடுபடல் எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்குப் பிராடிகினினின் வரலாறே சான்று. 1960இல் முதலில் முன்மொழியப்பட்ட அதன் அமைப்பில் எட்டு அமினோ அமிலங்களே இருந்தன. ஏழாம் இடத்துப் புரோலின் கணக்கில் வரவில்லை. அவ்வமைப்பின்படி தயாரித்த பெப்டைடு பிராடிகினினைப் போலச் செயல்படவில்லை. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் புவாசொனா குழுவினர் ஒன்பது அமினோ அமிலங்களுடன் தயாரித்ததே இயற்கைப் பொருளின் செயல்பாட்டைக் காட்டியது.

விடுபடல் தவிர வேறு மாசுகளும் உண்டு. பக்கத் தொகுதிகளைக் காக்கப் பயன்படுத்தும் பாதுகாப்புத் தொகுதிகள் முழுமையாக நீங்காமல் தங்கலாம். மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் அடையலாம். அஸ்பராஜின் அமைடு தொகுதியை இழக்கலாம். ஆஸ்பார்டிக் அமிலம் நீர் மூலக்கூறு ஒன்றை இழந்து வளையமாக மாறலாம். சிஸ்டீன் உள்ள சங்கிலிகள் இரண்டிரண்டாக இணைந்துகொள்ளலாம். இடக்கை வடிவ அமினோ அமிலம் வலக்கை வடிவமாகத் திரும்பிவிடுவதும் உண்டு.

தயாரிப்பின்போதே சில பிழைகளைக் கண்டுகொள்ளலாம். 1970இல் அறிமுகமான கைசர் சோதனையில் சில ரெசின் மணிகளை நின்ஹைட்ரின் கரைசலுடன் சூடாக்குவர். நீல நிறம் தோன்றினால் பிணையாத அமினோ முனைகள் எஞ்சியுள்ளன என்று பொருள். புரோலின் முனையில் இந்த நீல நிறம் சரியாகத் தோன்றாது. மூன்று புரோலின்கள் கொண்ட பிராடிகினினில் அந்த இடங்களுக்குக் குளோரானில் போன்ற வேறு சோதனையே ஏற்றது.

தூய்மை: எச்பிஎல்சி

தூய்மையை அளக்கும் முதன்மைக் கருவி உயர்செயல்திறன் திரவ வண்ணப்பிரிகை. ஆய்வகங்களில் இதை எச்பிஎல்சி என்றே சொல்வர். 18 கார்பன் கொண்ட சங்கிலிகள் பொருத்தப்பட்ட சிலிக்கா துகள்களை அடைத்த குழாய்க்குள் மாதிரி செலுத்தப்படும். நீரும் அசிட்டோநைட்ரைலும் கலந்த கரைப்பான் அதன் வழியே பாயும். கரைப்பானில் வழக்கமாக 0.1 விழுக்காடு டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலம் சேர்ப்பர். அசிட்டோநைட்ரைலின் அளவு கூடக்கூட, நீரை விரும்பும் பெப்டைடுகள் முதலிலும் எண்ணெய்த் தன்மை மிகுந்தவை பின்னரும் வெளியேறும்.

வெளியேறும் கரைசல் புறஊதா ஒளியில் அளக்கப்படும். பெப்டைடு பிணைப்பே ஒளியை உறிஞ்சும் 214 அல்லது 220 நானோமீட்டர் அலைநீளம் இதற்கு ஏற்றது. புரதங்களுக்குப் பழக்கமான 280 நானோமீட்டரில் முக்கியமாக டிரிப்டோஃபனும் டைரோசினும்தான் தெரியும். பிராடிகினினில் இவ்விரண்டும் இல்லை. எனவே அந்த அலைநீளத்தில் பார்த்தால் அது கண்ணில் படுவதே அரிது.

வரைபடத்தில் முதன்மை முகட்டின் பரப்பை எல்லா முகடுகளின் மொத்தப் பரப்பால் வகுத்து, நூறால் பெருக்கினால் தூய்மை விழுக்காடு கிடைக்கும். இந்த எண்ணுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. முதலாவது, புறஊதாவில் தெரியாத நீரும் உப்பும் இதில் அடங்காது. இரண்டாவது, ஒரே நேரத்தில் வெளியேறும் இரு பெப்டைடுகள் ஒரே முகடாகத் தோன்றும். ஆகவே முக்கியமான ஆய்வுகளுக்கு வேறு கரைப்பானிலோ, மின்புலத்தால் பிரிக்கும் நுண்குழாய் முறையிலோ மறுமுறையும் பிரித்துப் பார்ப்பது வழக்கம்.

அடையாளம்: நிறை நிறமாலை

எச்பிஎல்சி வரைபடத்தில் உயர்ந்து நிற்கும் முகடு கேட்ட பெப்டைடுதான் என்பதற்கு அந்த வரைபடமே சான்றாகாது. வேறொரு பெப்டைடும் 99 விழுக்காடு தூய்மையாக இருக்க முடியும். மூலக்கூறின் நிறையை அளந்தால்தான் அடையாளம் தெரியும். பெப்டைடுகள் சிதையாமல் அயனிகளாக மாற வழிவகுத்த முறைகளுக்காக ஜான் ஃபென், கொய்ச்சி தனாகா ஆகியோர் 2002ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஒரு புரோட்டான் ஏற்ற பிராடிகினின் 1060.57 என்ற இடத்தில் கோடு காட்டும்; இரண்டு புரோட்டான்கள் ஏற்றால் 530.79இல் காட்டும். ஒரு புரோலின் விடுபட்டிருந்தால் நிறை 97.05 குறைந்து 963.52இல் கோடு தோன்றும். மற்ற மாசுகளுக்கும் இதுபோன்ற அடையாள வேறுபாடுகள் உண்டு: ஆக்சிஜனேற்றத்துக்கு 16 கூடும், அஸ்பராஜின் அமைடு இழப்புக்கு 1 கூடும், நீர் இழப்புக்கு 18 குறையும்.

நிறையால் எல்லாவற்றையும் பிரித்தறிய முடியாது. லியூசினும் ஐசோலியூசினும் ஒரே நிறையுடையவை. இடக்கை, வலக்கை வடிவங்களுக்கும் வேறுபாடு தெரியாது. பிராடிகினினில் விடுபட்டது இரண்டாம் இடத்துப் புரோலினா, ஏழாம் இடத்துப் புரோலினா என்பதையும் மொத்த நிறை சொல்லாது. அயனியை உடைத்துத் துண்டுகளின் நிறையை அளக்கும் இருபடி நிறை நிறமாலை அதற்கு உதவும். பேர் எட்மன் 1950இல் விவரித்த முறையும் உண்டு: சங்கிலியின் அமினோ முனையிலிருந்து ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கழற்றி, வரிசையை நேரடியாகப் படிக்கும் முறை அது.

அமினோ அமிலப் பகுப்பாய்வு

பெப்டைடை 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரி செல்சியசில் 24 மணி நேரம் சூடாக்கினால் அது தனித்தனி அமினோ அமிலங்களாகப் பிரியும். அவற்றை அளக்கும் தானியங்கிக் கருவியை வில்லியம் ஸ்டைன், ஸ்டான்ஃபோர்ட் மூர் குழுவினர் 1958இல் உருவாக்கினர். பிராடிகினினில் அர்ஜினைன் 2, புரோலின் 3, கிளைசின் 1, பினைல்அலனைன் 2, செரின் 1 என்ற விகிதம் வரவேண்டும். செரின் சற்றுச் சிதைவதால் அதன் அளவு குறைவாகவே கிடைக்கும். டிரிப்டோஃபன் இருந்தால் அழிந்துவிடும். அஸ்பராஜினும் குளூட்டமினும் அமிலங்களாக மாறிவிடும். இச்சோதனை வரிசையைக் காட்டாது. ஆனால் மாதிரியில் உண்மையில் எவ்வளவு பெப்டைடு உள்ளது என்பதை எடையாகச் சொல்வதில் இது நம்பகமானது.

இடக்கை வடிவம் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க, பிரிந்த அமினோ அமிலங்களை மார்ஃபி வினைப்பொருளுடன் சேர்த்து எச்பிஎல்சியில் பிரிப்பது பரவலான முறை. இது 1984இல் அறிமுகமானது.

பெப்டைடு உள்ளடக்கம்

குப்பியிலுள்ள வெள்ளைத் தூள் முழுவதும் பெப்டைடு அல்ல. எச்பிஎல்சியில் தூய்மைப்படுத்தும்போது பயன்படுத்திய டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலம், பெப்டைடின் காரத் தொகுதிகளுடன் உப்பாக ஒட்டிக்கொள்ளும். உறைநிலையில் உலர்த்திய பின்னும் சிறிது நீர் தங்கும்.

பிராடிகினினில் இரண்டு அர்ஜினைன்களும் அமினோ முனையும் சேர்த்து மூன்று காரத் தொகுதிகள் உள்ளன. மூன்றிலும் 114 டால்டன் நிறையுள்ள அமிலம் ஒட்டினால் 342 டால்டன் கூடும். ஆக, ஈரம் சிறிதும் இல்லாத, பிற பெப்டைடு எதுவும் கலக்காத பிராடிகினின் உப்பிலும் பெப்டைடின் எடை ஏறத்தாழ 76 விழுக்காடுதான். அதன் எச்பிஎல்சி தூய்மை 100 என்று வந்தாலும் இந்த எண் மாறாது.

இதைக் கவனிக்காவிட்டால் கரைசலின் செறிவு தவறும். 10 மில்லிகிராம் தூளில் உள்ளடக்கம் 75 விழுக்காடு, தூய்மை 95 விழுக்காடு என்றால் சரியான பெப்டைடு 7.1 மில்லிகிராம் அளவே இருக்கும். அதை 10 மில்லிகிராம் என்று கொண்டு கரைப்பவரின் செறிவுக் கணக்குகள் அனைத்தும் அதே அளவுக்குப் பிழையாகும்.

உள்ளடக்கத்தை அமினோ அமிலப் பகுப்பாய்வாலோ நைட்ரஜன் அளவாலோ கணக்கிடலாம். நீரின் அளவைக் கார்ல் ஃபிஷர் 1935இல் வகுத்த தரம்பார்த்தல் முறை தரும். ஒட்டியிருக்கும் அமிலத்தை அயனி வண்ணப்பிரிகையால் அளப்பர். அந்த அமிலம் எடையை மட்டும் பாதிப்பதில்லை. அது எலும்பு, குருத்தெலும்பு உயிரணுக்களின் பெருக்கத்தைத் தடுக்கிறது என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. உயிரணுச் சோதனைகளுக்கான பெப்டைடுகளை அசிட்டேட் அல்லது குளோரைடு உப்பாக மாற்றிக் கேட்பது இதனால்தான்.

எண்டோடாக்சின்

சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலுள்ள எண்டோடாக்சின், நோய் எதிர்ப்பு உயிரணுக்களை மிகக் குறைந்த அளவிலேயே தூண்டிவிடும். நீர், கண்ணாடிக்கலன் வழியாக இது வேதிமுறைப் பெப்டைடிலும் சேரலாம். எச்பிஎல்சியும் நிறை நிறமாலையும் காட்டும் தூய்மையில் இதற்கு இடமில்லை. குதிரைலாட நண்டின் இரத்த உயிரணுக்களிலிருந்து எடுத்த சாறு எண்டோடாக்சின் பட்டதும் உறைவதை ஜேக் லெவினும் ஃபிரெடரிக் பேங்கும் 1964இல் விவரித்தனர். அதன் அடிப்படையில் அமைந்த சோதனையே இன்றும் பரவலாக உள்ளது. நண்டின்றி மரபணுப் பொறியியலால் பெறும் காரணி சி என்ற புரதமும் இப்போது பயன்படுகிறது.

ஆய்வைத் திசைதிருப்பிய மாசுகள்

எச்ஐவி தடுப்பூசி ஆய்வுகளில் பயன்படுத்திய செயற்கைப் பெப்டைடுத் தொகுப்பில் கலந்திருந்த வேறொரு பெப்டைடு, இல்லாத நோய் எதிர்ப்பு வினையை இருப்பதுபோல் காட்டியதை 2008இல் ஒரு குழு வெளியிட்டது. அல்சைமர் நோயுடன் தொடர்புடைய, 42 அமினோ அமிலங்கள் கொண்ட அமிலாய்டு பீட்டாவும் நல்ல எடுத்துக்காட்டு. பாக்டீரியாவில் உருவாக்கிய வடிவம் செயற்கை வடிவத்தைவிட விரைவாகத் திரள்வதையும், நரம்பணுக்களுக்குக் கூடுதல் தீங்கு விளைவிப்பதையும் 2010இல் வெளியான ஆய்வு கண்டது. சிறிதளவே உள்ள மாசு, திரளும் வேகத்தை மாற்றக்கூடும்.

தரநிலைகளும் சான்றிதழும்

எல்லாப் பணிக்கும் ஒரே தூய்மை தேவையில்லை. எதிர்ப்பொருள் உருவாக்க 70 விழுக்காடும் அதற்கு மேலும் போதும் என்பது பொதுவான வழக்கம். நொதி வினைகளையும் ஏற்பிப் பிணைப்பையும் அளக்க 95 விழுக்காடும், அமைப்பாய்வுக்கு 98 விழுக்காடும் கேட்பர்.

விற்பனையாளர் தரும் பகுப்பாய்வுச் சான்றிதழில் தொகுதி எண், அலைநீளத்துடன் கூடிய எச்பிஎல்சி வரைபடம், அளந்த நிறையும் கணக்கிட்ட நிறையும், உப்பின் வகை, உள்ளடக்கம் ஆகியவை இருக்கவேண்டும். வரைபடமில்லாத தனி விழுக்காட்டுக்கு மதிப்பில்லை. சான்றிதழ் சோதனை நடந்த நாளின் நிலையை மட்டுமே காட்டும். தூளை ஈரமின்றி, மைனஸ் 20 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைக்கவேண்டும். குளிரிலிருந்து எடுத்த குப்பி அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்கவேண்டும். இல்லையெனில் காற்றின் ஈரம் தூளில் படியும். கரைசலைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கக் கூடாது.

ஆய்வுப் பொருளும் மருந்தும்

மருந்தாகும் பெப்டைடுகளுக்கு விதிகள் வேறு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 மே மாதம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. குளுக்ககான், லிராகுளூட்டைடு உள்ளிட்ட ஐந்து பெப்டைடுகளைச் செயற்கையாகத் தயாரித்துப் பொதுப்பெயர் மருந்தாக விற்க விரும்புவோருக்கானது அது. மூல மருந்தில் இல்லாத புதிய பெப்டைடு மாசு எதுவும் 0.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அது கூறுகிறது.

ஆய்வுக்கு மட்டும் என்ற சீட்டுடன் விற்கப்படும் பெப்டைடுகளுக்கு இத்தகைய விதி எதுவும் பொருந்தாது. அவற்றின் சான்றிதழில் காணும் 99 விழுக்காடு, குப்பியிலுள்ள பெப்டைடுகளில் முதன்மைப் பெப்டைடின் பங்கு மட்டுமே. அந்தத் தூள் கிருமி நீக்கப்பட்டதா, எண்டோடாக்சின் இல்லாததா, மனித உடலுக்குத் தகுந்ததா என்பவற்றில் எதையும் அந்த எண் சொல்வதில்லை.