நுங்கு ஐஸ்கிரீமும் நான் போட்ட கணக்கும்

நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'கிளாஸ்' என்ற சொல்லுக்கு மூன்று பொருள் சொல்லிக்கொடுத்தார்கள்: பனிக்கட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி, ஐஸ்கிரீம். அப்போது எங்களுக்கு மூன்றாவதுதான் வேண்டியிருந்தது!

புதுவையின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது 1954 நவம்பர் 1 அன்று. அதே 1954-இல் பாரீஸில், சேன் நதி நடுவிலுள்ள சேன் லூயி தீவில், ரேமோன் பெர்த்தியோன் என்பவர் ஐஸ்கிரீம் செய்து விற்கத் தொடங்கினார். மாமியாரும் மனைவியும் நடத்திவந்த சிறிய காபி விடுதிதான் இடம். பால், கிரீம், சர்க்கரை, முட்டை, அந்தந்தப் பருவத்துப் பழம். ரசாயனம் எதுவும் கிடையாது. இன்றும் அங்கே காட்டு ஸ்ட்ராபெரிக்குத் தனி மவுசு. ஐஸ்கிரீம் நன்றாக விற்கும் ஆகஸ்டில் கடையை மூடிவிட்டு விடுமுறைக்குப் போய்விடுவார்கள். நம் ஊரில் இப்படிச் செய்தால் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள்.

முப்பது ஆண்டு கழித்து, 1984-இல், மும்பை ஜுஹுவில் ரகுநந்தன் காமத் 'நேச்சுரல்' கடையைத் திறந்தார். தென் கன்னட மாவட்டத்துக்காரர். தந்தை பழ வியாபாரி. பழுத்ததையும் பழுக்காததையும் பிரித்தறியும் கண் வீட்டிலேயே கிடைத்தது. ஐஸ்கிரீமுக்கென்று மட்டும் ஜனங்கள் வருவார்களோ என்ற சந்தேகத்தில் முதலில் பாவ்பாஜியும் சேர்த்தே விற்றார். காரம் தின்றவன் குளிர்ச்சி தேடுவான் அல்லவா! வியாபாரம் பிடித்ததும் பாவ்பாஜியை நிறுத்திவிட்டார். சீதாப்பழம், இளநீர் வழுக்கை, மாம்பழம் என்று நாம் கையால் தின்பதையெல்லாம் கிண்ணத்தில் வைத்தார்.

இது சுலபமான வேலை அல்ல. பழத்தில் பெரும்பகுதி தண்ணீர். மெதுவாக உறைந்தால் பெரிய பனித்துகள்களாகி நாக்கில் நறநறக்கும். சர்க்கரை கூடினால் இறுகாது, குறைந்தால் கல். அதனால்தான் உறையும்போது விடாமல் கடைய வேண்டும். சீதாப்பழத்திலோ ஒவ்வொரு சுளைக்கும் ஒரு கொட்டை. அதை நீக்கத் தனி இயந்திரமே செய்துகொண்டார் காமத்.

இதையெல்லாம் 1987-இல் எனக்குச் சொன்னவன் என் மனைவியின் தம்பி. மும்பையில் வேலை, விடுமுறையில் வந்திருந்தான். "மாமா, இங்கே நுங்கு இருக்கு, முந்திரிப்பழம் இருக்கு, பலா இருக்கு. நம்ம ஊர்லயும் ஒண்ணு போடலாம். நீங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டா பேங்கிலே கடன் கிடைக்கும்" என்றான்.

நான் குமாஸ்தா. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். நுங்கு மூன்று, நான்கு மாதம், பிறகு? மின்சாரம் போனால் சரக்கு முழுவதும் தண்ணீர். இரண்டு பெண் குழந்தைகளுக்குச் சேர்த்த பணம் என்ன ஆகும்? கையெழுத்துப் போட மறுத்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் ரயில் ஏறினான்.

கணக்கில் தப்பில்லை. ஆனால் ஒரு பருவம் முடிந்தால் அடுத்த பழம் வரும் என்பதை நான் எழுதிக்கொள்ளவே இல்லை. மூடி வைக்கும் மாதத்தையும் சேர்த்துத்தானே பெர்த்தியோன் பிழைத்தார்?

2024 மே மாதம் காமத் காலமான செய்தியை மும்பையிலிருந்து அவன்தான் போனில் சொன்னான். வெகுநேரம் பேசினோம். நுங்கைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.