நிலையும் நிலையமும்

ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேர் காணப் புறப்படும் நம்மவர், பம்பாயிலிருந்து வரினும் தில்லியிலிருந்து வரினும், பெரும்பாலும் வந்திறங்குவது ஒலவக்கோட்டில்தான். பாலக்காடு சந்திப்பு என்று இன்று பலகை கூறினும், வீட்டுப் பெரியவர்கள் நாவில் அது ஒலவக்கோடே. தேர் வந்து நிற்குமிடம் நிலை. வண்டி வந்து நிற்குமிடம் நிலையம். இரண்டையும் காப்பவர் யார் என்பதே நாம் இங்கு எண்ண விரும்புவது.

1856-ஆம் ஆண்டில் சென்னை இராயபுரத்தில் தொடங்கிய இருப்புப்பாதை, 1862-இல் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்குக் கரையில் பேப்பூரைத் தொட்டது. அக்கிரகாரத்து இளைஞர்கள் எழுத்தராகவும் ஆசிரியராகவும் சமையற்காரராகவும் பிற மாநிலங்களுக்குச் சென்றது இப்பாதை வழியே. பாதை தொடங்கிய இராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பழுதுற்றிருந்த அதனை 2005-இல் புதுப்பித்தார்கள்.

வண்டியே நின்றுவிட்ட நிலையம் என்னாகும்? இடுக்கி மலையில் இதற்கு விடையுண்டு. மூணாற்றுத் தேயிலையைக் கொண்டுசெல்ல 1902-இல் எருதுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் அமைந்தது. 1908-இல் அது நீராவி வண்டி ஓடும் குறுகிய பாதையாயிற்று. டாப் ஸ்டேஷன் வரை வண்டியில் சென்ற தேயிலை, அங்கிருந்து கம்பிவடத்தில் போடிப் பக்கம் இறங்கிற்று. 1924-ஆம் ஆண்டு வெள்ளம், மலையாளிகள் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் நினைவுகூரும் வெள்ளம், அப்பாதையை அழித்துவிட்டது. மீண்டும் எவரும் அதை அமைக்கவில்லை. மூணாறு நிலையக் கட்டடம் மட்டும் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகிப் பிழைத்தது. பயன் இருந்தமையால் அது நின்றது. பயனும் நீங்கிய இடத்தில் அன்பு ஒன்றே துணை.

அவ்வன்பு கைத்தொண்டாக மாறினால் என்ன நிகழும் என்பதை வேல்ஸ் நாட்டு டாலிலின் இரயில்பாதை காட்டுகிறது. கூரை வேயும் பலகைக்கல்லை மலையிலிருந்து கொண்டுவர 1865-இல் திறக்கப்பட்ட, இரண்டேகால் அடி அகலமே உடைய சிறு பாதை அது. கல்சுரங்கம் மூடிய பின்னும் அதை நடத்திவந்த உரிமையாளர் 1950-இல் காலமானார். கட்டைகள் உளுத்திருந்தன, தண்டவாளங்களைப் பிடித்துவைத்திருந்தது புல்லின் வேரே எனலாம். ஓடக்கூடிய எஞ்சின் ஒன்றுதான். அவ்வாண்டு அக்டோபரில் எழுத்தாளர் ரோல்ட்டும் நண்பர்களும் பர்மிங்ஹாம் நகரில் கூட்டம் கூட்டிச் சங்கம் அமைத்தார்கள். விடுமுறை நாட்களில் வந்து புல் அறுத்தார்கள், கட்டை மாற்றினார்கள், பயணச்சீட்டு விற்றார்கள். 1951 மே 14-ஆம் நாள் தொண்டர்களின் முதல் வண்டி புறப்பட்டது. உலகில் தொண்டர்களால் காக்கப்பட்ட முதல் இரயில்பாதை அதுவே. அதன் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன.

இதைக் கேட்டு நாம் வியக்க வேண்டியதில்லை. தேரை அச்சு முறியாமல் வைத்திருப்பதும், வடம் பிடிப்பதும், அக்கிரகாரத் திண்ணைகளைச் செப்பனிடுவதும் கல்பாத்தியார் அறியாத தொண்டல்லவே! ஊர் கூடித்தானே தேர் இழுக்கிறோம்? கல்பாத்தியை மரபுச் சிற்றூர் என்று அரசு அறிவித்தது. ஆயினும் அறிவிப்பு எதுவும் ஓட்டைக் கூரையை மூடாது. அதற்கு ஏணியும் ஆளும் வேண்டும்.

ஓடும் பாதையில் கைவைப்பது நம் வேலையன்று. அது இரயில்வேயின் பொறுப்பு. ஆனால் பழைய நிலையங்களின் நிழற்படம், பயணச்சீட்டு, பணியாற்றிய முதியோரின் நினைவு ஆகியவற்றைத் திரட்டுதலும், உரிய அனுமதியுடன் தோட்டமும் மேடையும் பேணுதலும் நம்மால் ஆகும். தொலைவில் வாழும் நாம் தேருக்குப் பணம் அனுப்புகிறோம், அது நன்று. விடுமுறையில் ஒருநாள் உழைப்பையும் தருவோமாயின் அது மிக நன்று. வடத்தில் நம் கையும் பட்டால்தான் தேர் நம்முடையது. நிலையமும் அப்படியே.