விரால் தூண்டிலும் ரப்பர் இரையும்

விரால் தமிழ்நாட்டின் ஏரி, குளம், கண்மாய், நெல்வயல் ஆகியவற்றில் வாழும் நன்னீர் மீன். பழந்தமிழில் இது வரால் எனப்பட்டது. பாசியும் அல்லியும் அடர்ந்த நீரில் பதுங்கி, மேலே அசையும் இரையைப் பாய்ந்து கவ்வுவது இதன் இயல்பு. ஆகவே விராலுக்குத் தூண்டில் போடுபவர் எக்காலத்திலும் சந்தித்த சிக்கல் ஒன்றுதான்: முள் கொடியில் மாட்டாமல் மீனின் வாயில் மட்டும் மாட்ட வேண்டும். உயிர்த்தவளையிலிருந்து இன்றைய ரப்பர் இரை வரை, விரால் தூண்டிலின் வரலாறு இச்சிக்கலுக்குத் தேடிய விடைகளின் வரலாறாகும்.

சங்கப் பாடலில் வரால்

மதுரை நக்கீரர் பாடிய அகநானூற்றின் 36-ஆம் பாடல் மருதத்திணையைச் சேர்ந்தது. பரத்தையிடம் சென்று மீண்ட தலைவனை இடித்துரைக்கும் இப்பாடல், தூண்டிலில் சிக்கிய ஒரு வராலைக் காட்டித் தொடங்குகிறது. உடலில் வரிகளுடைய ஆண் வரால் வளைந்த இரும்பில் கோத்த இரையை விழுங்குகிறது. பின் ஆம்பல் இலைகளைக் கிழித்து, வள்ளைக் கொடிகளைச் சிதைத்து, இழுப்பவனுக்கு அடங்காத காளையைப் போலக் குளத்தைக் கலக்குகிறது.

இதிலிருந்து மூன்று செய்திகள் தெரிகின்றன. அக்காலத்தில் இரும்பு முள் வழக்கில் இருந்தது. முள்ளில் இரை கோத்து வரால் பிடித்தனர். நீர்க்கொடிகளுக்கு நடுவே அதைக் கரை சேர்ப்பது கடினமாக இருந்தது. இன்று ஏரிக்கரையில் நிற்பவருக்கும் இக்காட்சி புதிதல்ல.

அறிவியலும் ஆங்கிலேயர் நூல்களும்

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தரங்கம்பாடியில் பணியாற்றிய ஜான் என்ற சமயப்பணியாளர் இப்பகுதி மீன்களைப் பெர்லினிலிருந்த மீனியல் அறிஞர் புளோக்குக்கு அனுப்பிவந்தார். விராலுக்கு 1793-இல் அறிவியல் பெயர் சூட்டியவர் புளோக். இன்று அது சன்னா ஸ்ட்ரையேட்டா என வழங்குகிறது. பெயரின் இரண்டாம் பகுதிக்கு 'வரிகள் உடையது' என்று பொருள். சங்கப் புலவர் கண்ட அதே அடையாளம் இது.

சென்னை மாகாண ஆட்சிப்பணி அதிகாரி எச். எஸ். தாமஸ் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலையும், 1887-இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்ற நூலையும் வெளியிட்டார். இங்கிலாந்து மீன்களுக்குப் பழகியவர்கள் இந்நாட்டு ஏரிகளைத் தனியே கற்க வேண்டியிருந்தது என்பதற்கு இரண்டாம் நூலே சான்று.

ஊர்மக்கள் வழக்கமோ வேறு. மூங்கில் கழியும் நூலும் முள்ளும் அவர்களுடைய கருவிகள். சிறு தவளை, குஞ்சு மீன், மண்புழு அவர்களுடைய இரைகள்.

ரப்பர் இரையின் பிறப்பு

அமெரிக்க ஏரிகளில் விராலைப் போலவே பதுங்கிப் பாயும் மீன் பாஸ். அதற்காக 1949-இல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரைச் சேர்ந்த நிக் கிரீம், மென்மையான நெகிழியில் புழு ஒன்றை வார்த்தார். மக்கள் 'ரப்பர் புழு' என்று அழைத்தாலும் இது ரப்பர் அன்று. எண்ணெய் போன்ற மென்மையாக்கி சேர்த்த பிவிசி.

டெக்சாஸ் மாநிலத்தில் அணை கட்டியபோது நீரில் மூழ்கிய மரங்கள் முள்ளைப் பற்றி இழுத்தன. அதனால் முள்ளின் முனையை இரையின் உடலுக்குள்ளேயே மறைக்கும் முறை அங்கு பரவி, 'டெக்சாஸ் ரிக்' என்ற பெயரும் பெற்றது. 1980-களின் இறுதியில் ஹெர்ப் ரீட் உருவாக்கிய 'ஸ்லக்-கோ' இதன் அடுத்த படி. வாலோ துடுப்போ இல்லாத, குச்சி போன்ற இந்த இரையைச் சுண்டினால் அடிபட்ட மீனைப் போலத் தாறுமாறாக விலகும். நிறுத்தினால் மெல்ல மூழ்கும். இவ்வகைக்கு மென் ஜெர்க்பெய்ட் என்று பெயர்.

கோக்கும் முறை

இதற்குக் கழுத்தில் படி போன்ற மடிப்புடைய, வாய் அகன்ற முள் வேண்டும். முள் முனையை இரையின் மூக்கில் குத்தி, அரை சென்டிமீட்டர் உள்ளே செலுத்தி, அடிப்பக்கமாக வெளியே எடுக்க வேண்டும். முள்ளின் காது மூக்குக்குள் மறையும்வரை இழுத்து, முனை இரையை நோக்குமாறு முள்ளைத் திருப்ப வேண்டும். முள்ளை இரையின் பக்கவாட்டில் தொங்கவிட்டால் வளைவு எங்கே படுகிறதோ அங்கே குத்தி, முனையை முதுகுப்புறம் வரவழைக்க வேண்டும். கடைசியாக அம்முனையை முதுகுத் தோலில் இலேசாகச் செருக வேண்டும்.

கொடியில் உரசும்போது முனை வெளியே வராது. மீன் கவ்வும்போது மெல்லிய உடல் நசுங்கி முனை வெளிப்படும். இரை கோணலாக அமைந்தால் நீரில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். எனவே நேராக நிற்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

தமிழ்நாட்டு ஏரிகளில்

திருத்தணி, மணவூர், திருவாலங்காடு வட்டாரம் மழைநீர் ஏரிகள் நிறைந்தது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கமும் இதே மாவட்டத்தில் உள்ளது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுடன் இணைந்தது. எல்லைக்கு இப்பால் விரால் எனப்படும் மீன் அப்பால் கொரமேனு. தெலங்கானாவுக்கு அதுவே மாநில மீன்.

இன்று இளைஞர்கள் ராடும் ரீலும் கொண்டு, உள்ளீடற்ற ரப்பர் தவளையை விராலுக்கு வீசுகின்றனர். இதில் இரட்டை முள் தவளையின் முதுகை ஒட்டி மேல்நோக்கி இருக்கும். ஆகாயத்தாமரை மீது இழுத்தாலும் சிக்காது. கவ்வியதும் உடல் அமுங்கி முள் மாட்டும். டெக்சாஸ் முறையின் அதே தத்துவம்தான்.

நன்மையும் கேடும்

ரப்பர் இரையால் உயிர்த்தவளைகள் தப்புகின்றன. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987-இல் தடை செய்ததற்கு, வயல் பூச்சிகளைத் தின்னும் தவளைகள் குறைந்துவந்ததும் ஒரு காரணம். ஆனால் அறுந்து நீரில் தங்கும் நெகிழி மக்குவதில்லை. கிழிந்த இரையை ஏரியில் எறியாமல் வீட்டுக்கு எடுத்துச் செல்வதே முறை.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மட்டத்துக்கு வந்து போகும். தாயோ தந்தையோ அடியில் நிற்கும். அத்திரளின் மேல் எது விழுந்தாலும் பெற்றமீன் பசியால் அன்றிக் காவலுக்காகவே பாயும். அப்போது அதைப் பிடிப்பது எளிது. ஆனால் காவல் இழந்த குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். ஒரு மீனோடு ஒரு தலைமுறையே போய்விடும். குஞ்சுத்திரள் தெரியும் இடத்தில் தூண்டில் போடாமல் விலகுவதும், சிறிய விராலை உடனே நீரில் விடுவதும் அடுத்த ஆண்டும் அந்த ஏரியில் விரால் இருக்க உதவும்.