திரையில் நம் மண்ணின் ஒளி

திரைப்படம் பார்த்து வந்த ஒருவரை அணுகி, “படம் எப்படி?” என்று வினவினால், அவர் கதையைச் சொல்வார், நடித்தவரைப் புகழ்வார், பாட்டின் மெட்டை முணுமுணுப்பார். “அப்படத்தில் வெயில் எப்படி இருந்தது?” என்று கேட்டாலோ திகைத்து நிற்பார். ஆயினும், திரைப்படம் என்பது முதலில் ஒளியினால் எழுதப்படும் கலையேயன்றோ? அவ்வொளியைக் காணக் கற்றவர்க்கே படம் முழுமையாகப் பேசும். நம் நாட்டிலும் அண்டை நாட்டிலும் அக்கல்வியைத் தந்தவர்கள் பெருமுதலாளிகள் அல்லர். கைப்பொருள் குறைந்த தனி முயற்சியாளர்களே ஆவர்.

இலங்கையின் முதற் சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுணு பொறொந்துவ’ 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படமாக்கப்பட்ட இடமோ தென்னிந்தியக் கலையகம். அதன்பின் பல ஆண்டுகள் இதுவே வழக்காயிற்று. கலையகத்தின் சுவர்களுக்குள் சூரியன் இல்லை. பெருவிளக்குகளே சூரியனாக நின்றன. குடிசையாயினும் மாளிகையாயினும் ஒரே ஒளி. நள்ளிரவிலும் நாயகியின் முகத்தில் நிழல் விழாது. வானம் தீட்டிய திரைச்சீலையில் காற்று வீசுவதில்லை. பார்ப்பவர் கண்ணும் அதற்குப் பழகிப்போயிற்று.

இவ்வழக்கத்தை முறித்துக்கொண்டு 1956ஆம் ஆண்டில் வெளிவந்தது ‘ரேகாவ’. அரசாங்கத் திரைப்படப் பிரிவில் பணியாற்றிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த ஆகிய மூவரும் அப்பதவிகளை விட்டு வெளியேறி, கலையகத்தை நாடாது, கிராமத்துத் திறந்தவெளியிலேயே படம்பிடித்தனர். மரநிழல் மரநிழலாகவே விழுந்தது. வெயில் வெயிலாகவே எரிந்தது. அடுத்த ஆண்டு பிரான்சு நாட்டின் கான் விழாவில் அப்படம் திரையிடப்பட்டது. ஆனால் உள்நாட்டில் அது பணம் ஈட்டவில்லை. கலையக ஒளிக்குப் பழகிய கண்ணுக்குத் தன் ஊர் வெயிலே அந்நியமாகத் தோன்றிற்றுப் போலும்!

இதே காலத்தில் வங்காளத்திலும் இத்தகைய முயற்சியொன்று நிகழ்ந்தது. சத்யஜித் ராய் இயக்கி, 1955இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’க்கு ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ரா இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், அதற்குமுன் திரைப்படக் கருவியை இயக்கியறியாதவர். பிரெஞ்சு இயக்குநர் ரெனுவார் வங்காளத்திற் படம்பிடித்தபோது அருகில் நின்று பார்த்ததே அவருடைய பயிற்சி. அடுத்த படமாகிய ‘அபராஜிதோ’வில், காசி நகரத்து வீடொன்றின் முற்றத்தைக் கலையகத்தினுள் அமைக்க நேர்ந்தது. அத்தகைய முற்றத்திற்கு வெளிச்சம் வானத்திலிருந்தே இறங்கும். அதற்குக் கூரிய நிழல் கிடையாது. மித்ரா என்ன செய்தார்? முற்றத்தின்மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன்மீது பாய்ச்சி, அங்கிருந்து தெறித்து வரும் மென்மையான ஒளியிலே படம்பிடித்தார். செயற்கை ஒளி அங்கே வானத்தின் ஒளியாகவே மாறிற்று. காசி வீட்டு முற்றத்தை உற்று நோக்கிய கண்ணே அந்தத் துணியைக் கட்டச் செய்தது.

ஆகவே, இத்தகைய படங்களைப் பார்ப்போர் தமக்குள் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. ஒளி எங்கிருந்து வருகின்றது? கருவி எங்கே நின்று பார்க்கின்றது? எவ்வளவு நேரம் பார்க்கின்றது? குப்பி விளக்கொன்று எரியும் வீட்டில், முகத்தின் ஒரு பாதி இருளில் இருப்பதே உண்மை. துயருற்ற தாயை அருகிற் சென்று காட்டுவது ஒரு கருத்து. வாசற்படிக்கு அப்பால் நின்று காட்டுவது வேறொரு கருத்து. அவள் எழுந்து சென்றபின்னும் வெறும் திண்ணையைச் சில நொடிகள் காட்டினால், அந்த வெறுமையும் பேசும். சொல்லாமற் சொல்லும் அந்த இடத்திலேதான் ஒளிப்பதிவு கலையாகின்றது.

தமிழ்ப் படத்திலும் இம்முயற்சி நிகழாமலில்லை. யாழ்ப்பாண வளாகத்தில் ஆசிரியப் பணியாற்றிய தர்மசேன பத்திராஜ, தமக்குத் தாய்மொழியல்லாத தமிழில் ‘பொன்மணி’யை இயக்கினார். 1977ஆம் ஆண்டின் அப்படத்திற்கு எழுத்துத் தந்தவர் காவலூர் இராஜதுரை. ஒளிப்பதிவு செய்தவர் டொனால்ட் கருணாரத்ன. சீதனமும் சாதியும் ஒரு குடும்பத்துப் பெண்களின் வாழ்வை எங்ஙனம் நசுக்குகின்றன என்பதை, யாழ்ப்பாணத்து மண்ணிலேயே, கறுப்பு வெள்ளையில், அமைதியாக அது காட்டிற்று. தென்னிந்தியப் படங்களின் ஆட்டத்தையும் பாட்டையும் எதிர்பார்த்துச் சென்ற மக்களோ அதனை ஏற்கவில்லை. வியாபாரத்தில் அது தோற்றது. பின்னாளில் ஈழத்துத் தமிழ்த் திரையின் சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக அது போற்றப்படலாயிற்று. தோற்றது படமா, பார்வையா என்னும் வினா இன்றும் நிற்கின்றது.

இவ்வினா வன்னி நிலத்தார்க்கு வெறும் கலை ஆராய்ச்சியன்று. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ என்னும் படத்தின் கதை மாங்குளத்தைத் தேடி வருகின்றது. ஆனால் திரையில் மாங்குளமாகத் தோன்றிய நிலம் இந்திய நிலமே. 2009ஆம் ஆண்டில் உலகம் கண்ட கிளிநொச்சியோ இடிந்த சுவரும் ஆளற்ற தெருவுமாகும். முன்னது பிறிதொரு நிலத்தின் ஒளி; பின்னது உண்மையாயினும் முழுமையன்று. அழிவைக் காட்ட வந்த கருவி, அழிவோடு திரும்பிச் சென்றது. காலபோக நெல் முற்றிய வயலில் சாயும் மாலை வெயிலையும், கிடுகின் இடுக்கால் புள்ளி புள்ளியாகத் தரையில் விழும் காலை ஒளியையும், இரணைமடுக் குளக்கட்டில் சோளகக் காற்றுக்கு முகங்கொடுத்து நடக்கும் ஒருவரின் நிழலையும் அது நின்று பார்க்கவில்லை. பார்க்க அதற்கு நேரமுமில்லை, பழக்கமுமில்லை.

தன் முகத்தைப் பிறர் வரைந்த படத்திலேயே கண்டு வளரும் பிள்ளை, அதுவே தன் முகமென நம்பிவிடும். அந்நம்பிக்கையை மாற்றப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. இன்று கையடக்கத் தொலைபேசியிலும் படம்பிடிக்கும் கருவி உண்டு. வேண்டுவது, பிளேக்கும் மித்ராவும் கருணாரத்னவும் கொண்டிருந்த பொறுமை. அத்துடன், அப்பொறுமையோடு எடுக்கப்படும் படத்தைப் பொறுமையோடு பார்க்கும் அவை. ‘ரேகாவ’வுக்கும் ‘பொன்மணி’க்கும் முதலிற் கிடைக்காது போனது அந்த அவையே. நாளை வன்னிப் பிள்ளையொன்று தன் ஊரின் வெயிலைத் திரையில் எழுதுமாயின், அதனைக் கண்டுகொள்ளும் கண்கள் இங்கே ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அக்கண்களைப் பழக்கும் பள்ளிக்கூடம் தொலைவில் இல்லை. வீட்டு முற்றத்தில் ஒருநாட் பொழுது நிழல் நகர்வதைப் பார்த்திருந்தாலே முதற்பாடம் முடிந்துவிடும்.