நெட் இல்லாத நாளில் ஓடிய அமேசான் வரிசை

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையேறினப்போ, பொம்மையார்பாளையத்துல எங்க வீட்டுல கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. மறுநாள் மடிக்கணினியில் மிச்சமிருந்த பேட்டரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுத் தம்பி, கல்லூரியில் கணினி படிக்கிறவன், கேட்டான்: "அண்ணா, இது அமேசான் கிளவுட் நிரல்தானே? நெட்டே இல்லாம எப்படி ஓடுது?" அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதி இங்கே.

முதலில் செய்தி வரிசை என்றால் என்ன. ஓட்டலில் சர்வர் சீட்டு எழுதிக் கம்பியில் குத்திவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். சமையல்காரர் தன் வேகத்தில் ஒவ்வொன்றாக எடுப்பார். ஒருவருக்காக இன்னொருவர் காத்துநிற்க வேண்டியதில்லை. அந்தக் கம்பியை இணையம் வழியாக வாடகைக்குக் கொடுக்க ஆரம்பித்தது அமேசான். அதன் எஸ்.க்யூ.எஸ். சேவை 2004 நவம்பரில் சோதனை வடிவமாக வந்தது, 2006 ஜூலையில் முழுச் சேவையானது. இந்த நிறுவனத்தின் கிளவுட் என்றாலே கோப்புச் சேமிப்பான எஸ்3தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் வெளியே முதலில் தலைகாட்டியது இந்த வரிசைதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சீட்டை ஒருவர் எடுத்தால் அது அழிவதில்லை, மற்றவர் கண்ணில் படாமல் மறைகிறது, அவ்வளவுதான். நாம எதுவும் மாத்தலைன்னா 30 விநாடி. அதற்குள் வேலையை முடித்து "அழி" என்று சொல்லாவிட்டால், சீட்டு மறுபடியும் வரிசையில் தெரியும். எடுத்த கணினி பாதியில் செத்துப்போனாலும் வேலை தொலையக்கூடாதே, அதுக்குத்தான். இதோடு, சாதாரண வரிசையில் ஒரே செய்தி சில சமயம் இரண்டு முறை வரலாம், முன்பின்னாகவும் வரலாம் என்று அமேசானே சொல்லித்தான் தருகிறது.

சரி, இதை ஏன் வீட்டுக்குள் போலியாக ஓட்ட வேண்டும்? காசு என்று பலர் நினைப்பார்கள். மாதம் முதல் 10 லட்சம் கோரிக்கைகள் இலவசம். நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் 30 நாளுக்கு 25,92,000 கோரிக்கைதான். அதற்கான கட்டணம் ஒரு டீக்காசுக்குப் பக்கத்தில்கூட வந்து நிற்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சொத்தை விற்க வேண்டியதில்லை. உண்மையான தலைவலி வேறு. குழுவில் நாலு பேர் ஒரே சோதனை வரிசையைப் பயன்படுத்தினால், நான் போட்ட சீட்டை இன்னொருத்தர் மடிக்கணினி எடுத்துக்கொண்டு போய்விடும். நான் அரை நாள் என் நிரலைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

கையில் இல்லாத எந்திரத்தைப் போலி செய்து அதில் நிரல் எழுதுவது கிளவுடுக்கு முந்தைய பழக்கம். 1975ல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் கணினிக்கு பேசிக் மொழி எழுதியபோது அவர்களிடம் ஆல்டேரே கிடையாது. ஹார்வர்டின் பிடிபி-10 கணினியில், ஆல்டேரின் 8080 சில்லு போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரலை ஆலன் எழுதினார். அதன்மேல்தான் பேசிக் உருவானது. ஒப்படைக்க ஆல்புகர்க்கிக்கு விமானத்தில் போகும்போதுதான் அவருக்கு உறைத்தது: காகித நாடாவிலிருந்து பேசிக்கை நினைவகத்துக்குள் ஏற்றும் குட்டி நிரலை எழுதவே இல்லை! போலி எந்திரத்துக்கு அது தேவைப்படவில்லை, அதனால் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. விமானத்திலேயே எழுதி முடித்தார். போய் இறங்கி ஏற்றியதும் ஓடியது.

எஸ்.க்யூ.எஸ்.க்கும் இப்படிப் போலிகள் பல வந்தன. ரூபியில் ஒன்று, பைத்தானில் மோட்டோ. போலந்தின் சாஃப்ட்வேர்மில் நிறுவனத்து ஆடம் வார்ஸ்கி ஸ்காலா மொழியில் தொடங்கிய எலாஸ்டிக்எம்க்யூ எனக்குப் பிடித்தது. அப்பாச்சி உரிமத்தில் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள், செய்திகளை நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும், 9324ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். நம் நிரலில் முகவரியை மட்டும் மாற்றினால் போதும், சாவி கேட்கும் இடத்தில் 'எக்ஸ்' என்று போட்டாலும் உள்ளே விடும். கணக்கு எண்ணாகப் பன்னிரண்டு சுழியம் காட்டும். பிறகு அட்லாசியனில் தொடங்கிப் பின்னால் தனி நிறுவனமான லோக்கல்ஸ்டேக், வரிசை மட்டுமில்லாமல் அமேசானின் பல சேவைகளையும் ஒரே பெட்டியில் போலி செய்தது. புயலுக்கு அடுத்த நாள் என் மடியில் ஓடியது எலாஸ்டிக்எம்க்யூ.

ஆலனின் நாடா விஷயம் எனக்கும் நடந்திருக்கிறது, ஆனால் எனக்கு விமானம் கிடைக்கவில்லை. ஒரு சின்ன வாடிக்கையாளருக்காகப் பணம் வந்ததும் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல். வீட்டில் ஆயிரம் தடவை ஓட்டினேன், ஒரு பிசகில்லை. நிஜ வரிசைக்கு மாற்றின முதல் வாரமே சிலருக்கு ஒரே செய்தி இரண்டு தடவை போனது. "ரெண்டு தடவை காசு எடுத்துட்டீங்களா?"ன்னு போன் மேல போன். குறுஞ்செய்தி சேவை அன்றைக்கு மெதுவாக இருந்ததால் என் வேலை 30 விநாடியைத் தாண்டியிருக்கிறது, சீட்டு திரும்ப வரிசைக்கு வந்திருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. போலியும் அந்தக் கெடுவை ஒழுங்காகக் கணக்கு வைக்கத்தான் செய்கிறது. ஆனால் என் வீட்டில் குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியும் போலி, கண் இமைக்கும் நேரத்தில் பதில் சொல்லிவிடும். அனுமதிகள் விஷயமும் இப்படித்தான். 'எக்ஸ்' என்ற சாவிக்கே கதவு திறக்கும் வீட்டில், பூட்டு இருப்பதே மறந்துபோகும்.

அசலும் சும்மா நிற்பதில்லை. 2023 நவம்பரில் அமேசான் இந்தச் சேவைக்குப் பழைய எக்ஸ்எம்எல் பேச்சுக்குப் பதில் ஜேசான் வழியைக் கொண்டுவந்தது. பழையதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நூலகங்களைப் புதுப்பித்தவர்களின் நிரல் புது பாஷையில் பேச, போலிகளுக்கு அது புரியவில்லை. அவற்றைப் பராமரிக்கிறவர்கள் ஓடிப்பிடித்துத் திருத்தும்வரை பலர் பழைய நூலகத்தையே கட்டிப்போட்டு வைத்தார்கள்.

இப்போது என் வீட்டு வரிசையில் மறைக்கும் நேரத்தை 2 விநாடியாக வைத்திருக்கிறேன். போலிக் குறுஞ்செய்திப் பகுதியை வேண்டுமென்றே 5 விநாடி தூங்க விடுகிறேன். ஒவ்வொரு செய்தியையும் இரண்டு தடவை போடுகிறேன். தம்பிக்கு இதைக் காட்டினேன். "நல்லா ஓடுறதை ஏன்ணா கெடுக்கறீங்க?" என்றான். அந்தப் போன்களைப் பற்றி அப்புறம்தான் சொன்னேன்.