மின்படிவு உருவகத்தில் சால்வர் பிழைகள்

மின்பகுளிக் கரைசலில் உள்ள உலோக அயனிகள் கேத்தோடில் உலோகமாகப் படிவதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது மின்படிவு உருவகம் எனப்படும். தாமிரம், நிக்கல் முலாம் எங்கே தடிக்கும், எங்கே மெலியும் என்பதைத் தொட்டியில் பொருளை இறக்கும் முன்பே அறிய இது உதவுகிறது. கணக்கு பாதியில் நின்று, ‘தீர்வு குவியவில்லை’, ‘பூச்சியக்கோவை அணி’, ‘தொடக்க மதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை’, ‘மெஷ் உறுப்பு (கணக்குக்காகத் தொட்டியைப் பிரித்த சிறு துண்டு) புரண்டுவிட்டது’ என்றெல்லாம், சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலான சால்வர் சொல்வது இத்துறையில் அன்றாடம் நடப்பது. செய்தி கணிதமாக வந்தாலும், கோளாறு பெரும்பாலும் வேதியியலிலோ எல்லை நிபந்தனையிலோதான் இருக்கும். ஆகவே அனுமதிக்கும் பிழையளவான டாலரன்ஸைத் தளர்த்துவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

கணக்கின் கடினம் எங்கிருந்து வருகிறது

கரைசலின் மின்தடையை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது முதல்நிலை மின்னோட்டப் பரவல். மின்முனை வினையின் வேகத்தையும் சேர்த்தால் இரண்டாம் நிலை. அயனிச் செறிவு இடத்துக்கு இடம் மாறுவதையும் சேர்த்தால் மூன்றாம் நிலை. முதல்நிலைக் கணக்கு நேரியலானது, அநேகமாக நிற்காது. இரண்டாம் நிலையில் வினை வேகத்தைத் தரும் பட்லர்–வோல்மர் சமன்பாடு நுழைகிறது. அதில் மின்னோட்டம், மிகை மின்னழுத்தத்தின் அடுக்குக்குறிச் சார்பு. 25 டிகிரி செல்சியஸில், பரிமாற்றக் கெழு 0.5 உள்ள ஓர் எலக்ட்ரான் வினைக்கு, மிகை மின்னழுத்தம் சுமார் 118 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் பத்து மடங்காகும். ஊகத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி விடையை நெருங்கும் நியூட்டன் முறையின் தொடக்க ஊகம் 1 வோல்ட் பிசகினால், மின்னோட்டம் ஏறத்தாழ 28 கோடி மடங்கு பிசகும். எந்தச் சால்வரும் அதிலிருந்து மீள்வது கடினம். முதல்நிலைத் தீர்வைக் கண்டு, அதையே ஊகமாகக் கொடுத்து, மின்னோட்டத்தைச் சிறிதிலிருந்து படிப்படியாக ஏற்றினால் இந்த வகைப் பிழை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பூச்சியக்கோவை அணிக்குக் காரணம் இதைவிட எளிது. எல்லா எல்லைகளிலும் மின்னோட்டத்தையே நிபந்தனையாகக் கொடுத்தால் மின்னழுத்தத்துக்கு எங்கும் பிடிமானம் இருக்காது. விடையோடு எந்த மாறிலியைக் கூட்டினாலும் அதுவும் விடைதான். ஆனோடின் உலோகத்தை 0 வோல்ட்டில் நிறுத்தி, கரைசலோடு அதை வினைச் சமன்பாட்டால் இணைத்தால் போதும்.

செறிவு எதிர்க்குறியாகும்போது

மூன்றாம் நிலைக் கணக்கில் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. லிட்டருக்கு 0.5 மோல் தாமிர சல்பேட், அதோடு போதிய கந்தக அமிலம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். தாமிர அயனியின் விரவல் கெழு வினாடிக்கு 7×10⁻¹⁰ சதுர மீட்டர், கேத்தோடை ஒட்டிய விரவல் படலம் 100 மைக்ரான் எனக் கொண்டால், அந்தப் படலம் கடத்தக்கூடிய உச்சவரம்பு மின்னோட்டம் சதுர மீட்டருக்குச் சுமார் 675 ஆம்பியர். முலாம் பட்டறைக் கணக்கில் சதுர டெசிமீட்டருக்கு 6.75 ஆம்பியர்.

உருவகத்தில் சதுர டெசிமீட்டருக்கு 10 ஆம்பியர் கொடுத்திருந்தால், நிலையான ஓட்டத்துக்கு விடையே கிடையாது. சால்வர் ‘குவியவில்லை’ என்பது அங்கே முழு உண்மை. நேரத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஐந்து வினாடியை ஒட்டிக் கேத்தோடுப் பரப்பில் தாமிரம் தீர்ந்துபோகும். அந்த நொடியை நெருங்க நெருங்கச் சால்வர் நேரப்படியைச் சுருக்கிக்கொண்டே போய் நின்றுவிடும். மெஷ்ஷை எவ்வளவு நுணுக்கினாலும் அதே இடத்தில் நிற்பதுதான் இதன் அடையாளம். மின்னோட்டத்தை 5 ஆம்பியராகக் குறைத்ததும் கணக்கு தடையின்றி ஓடினால் சந்தேகமே வேண்டாம். உண்மைத் தொட்டியில் வரம்பைத் தாண்டிய நிலையில் ஹைட்ரஜன் கிளம்பும், படிவு கருகித் தூளாகும். ஆகவே ஹைட்ரஜன் வினையையும் மாதிரியில் சேர்க்க வேண்டும், இல்லையேல் மின்னோட்டத்துக்குப் பதில் மின்னழுத்தத்தை நிர்ணயித்து ஓட்ட வேண்டும்.

வரம்புக்கு வெகு கீழே இருக்கும்போதே செறிவு எதிர்க்குறியானால் குற்றம் மெஷ்ஷின் மேல். மின்னோட்டம் திடீரெனத் தொடங்கிய 0.01 வினாடியில் விரவல் படலம் சில மைக்ரான்தான். சுவரை ஒட்டிய முதல் உறுப்பே 50 மைக்ரான் என்றால் அந்தச் சரிவு அதற்குள் அடங்காது. சுவரோரம் மெல்லிய அடுக்குகளாக மெஷ் போடுவதும், மின்னோட்டத்தைச் சிறு நேரத்துக்குள் மெதுவாக ஏற்றுவதும் இதற்கு மருந்து.

பட்லர்–வோல்மர் சமன்பாட்டில் வரும் பரிமாற்ற மின்னோட்டம் செறிவின் பின்ன அடுக்காக எழுதப்பட்டிருந்தால், செறிவு துளி எதிர்க்குறியானதும் எண்ணே வரையறையற்றதாகிவிடும். செறிவுக்குப் பதில் அதன் மடக்கையை மாறியாக வைப்பது நேர்மையான வழி. செறிவுக்கு ஒரு கீழ்வரம்பு போட்டுவிடுவது எளிய வழி. ஆனால் இறுதி விடையில் எந்தப் புள்ளியும் அந்த வரம்பில் போய் உட்கார்ந்திருக்கவில்லை என்று பார்த்த பிறகே அதை நம்பலாம்.

தொடக்க மதிப்புகள், அலகுகள்

தொடக்கச் செறிவுகளில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமப்படாவிட்டால் மின்நடுநிலை நிபந்தனை முதல் நொடியிலேயே உடையும். அலகுப் பிழையும் அடிக்கடி நேர்வது. சதுர டெசிமீட்டருக்கு 1 ஆம்பியர் என்பது சதுர மீட்டருக்கு 100 ஆம்பியர், லிட்டருக்கு 1 மோல் என்பது கன மீட்டருக்கு 1000 மோல். கேத்தோடு மின்னோட்டத்தின் குறி மாறினால் படிவுக்குப் பதில் உலோகம் கரையும். சால்வர் இதைப் பற்றி வாய் திறக்காது.

மெஷ் புரளுதல்

படிவு வளர வளர எல்லை நகரும், மெஷ்ஷும் கூடவே நகர வேண்டும். கேத்தோடு காப்புச் சுவரைத் தொடும் மூலையில், படிவு ஒரு திசையில் இழுக்க, சுவர் அசையாமல் நிற்க, உறுப்புகள் நசுங்கிப் புரளும். சுவரை ஒட்டிப் புள்ளிகள் வழுக்கிச் செல்ல அனுமதித்தால் இது அடங்கும்.

ஆனால் மெஷ் நகரத்தான் வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும். சதுர மீட்டருக்கு 100 ஆம்பியரில் தாமிரம் வினாடிக்கு 3.7 நானோமீட்டர், மணிக்குச் சுமார் 13 மைக்ரான்தான் வளரும். மின்முனைகளுக்கு இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி உள்ள தொட்டிக்கு மெஷ்ஷை அசையாமல் வைத்து, மின்னோட்டத்திலிருந்து தடிமனைக் கணக்கிட்டாலே போதும்.

சிப்புகளின் நுண்பள்ளங்கள் வேறு கதை. ஐபிஎம் 1997இல் தாமிர இணைப்புகளை அறிவித்தது முதல் இப்பள்ளங்களை நிரப்பும் கணக்கு தனித் துறையாகவே வளர்ந்தது. பள்ளத்தின் இரு சுவர்களிலும் வளரும் படிவு வாயருகே சந்திக்கும்போது ஒரே எல்லை இரண்டாகப் பிரிகிறது. நகரும் மெஷ்ஷால் அதைத் தாண்ட முடியாது. எல்லையை மெஷ்ஷோடு கட்டாமல் ஒரு சார்பின் சமமதிப்புக் கோடாகக் கொள்ளும் லெவல்-செட் முறை தாண்டும். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தில் மொஃபாட், வீலர், ஜோசல் ஆகியோர் பள்ளம் அடியிலிருந்து நிரம்புவதை அந்த வழியில்தான் கணக்கிட்டனர்.

குவிந்த விடைக்கும் ஒரு சோதனை உண்டு. பக்கவினை இல்லாதபோது 1 ஆம்பியர்-மணி மின்னூட்டம் 1.186 கிராம் தாமிரத்தைப் படிய வைக்கும். உருவகத்தில் படிந்த எடை இதைவிட மிகுந்தால், கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.